கரானா வாசலில் நிற்கும் ஆள்

1

ரங்கூன் ஜெட்டியில் வந்து இறங்கிய அன்று என் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாது. அந்தப் பெயரையும் மூச்சு வாங்கி வாங்கித்தான் எழுதுவேன். அப்படிப்பட்டவன் இந்த ஊரில் கட்டியவற்றைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பசுண்டான் ஓடைக்கரையில் நெல் கிடங்குகள். அஸ்திவாரம் போட்ட அன்றே அரை முழம் உள்ளே போன சேறு அது. இங்கே கட்டாதே என்று மூன்று எஞ்சினீயர்கள் சொன்னார்கள். மூன்று பேரும் சீமைக்குத் திரும்பிவிட்டார்கள், கிடங்குகள் நிற்கின்றன. த்வாண்டேயில் தண்ணீர்ச் சாடி சுடுகிற குயவர்களுக்குச் சூளை. மாவ்பிச் சந்தைக்கு ஓட்டுக் கொட்டகை. இரண்டு தடவை காற்று பிய்த்துப் போட்டது, மூன்றாம் தடவை காற்றுக்கே அலுத்துவிட்டது. எங்கள் தெருப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் ஹவுள் தொட்டி. இன்றுவரை ஒரு சொட்டுக் கசியவில்லை. பிறகு என் சொந்த வீடு. என் மனைவி மா கின் இந்த ஊர்ப் பெண். அவள் பிடிவாதத்துக்காக வைத்த ஒரு ஜன்னலைத் தவிர அந்த வீடு முழுக்க என் புத்தி. காற்று வருவது அந்த ஒரு ஜன்னலில்தான் என்று அவள் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுகிறாள். அது வேறு விஷயம்.

இப்போது சொல்ல வந்தது கட்டாத கட்டடம் ஒன்றைப் பற்றி. நான் கட்டாதது. ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் தமாஸ்கஸில் இருந்து ஆண்ட கலீபாக்கள் காலத்தில் பாலைவனத்தில் யாரோ ஒரு மேஸ்திரி கட்டியது. அதன் வாசலில் நான் நிற்கிற படம் ஒன்று இருக்கிறது.

ஹஜ் முடித்து நாங்கள் திரும்பி வந்து ஒரு வருஷம் ஆனதைக் கொண்டாட எங்கள் தெருச் சங்கத்தில் போன ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டார்கள். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி, கண்ணாடிப் படத்தைத் துணியில் பெரிதாகக் காட்டுகிற மாஜிக் லாந்தர் வைத்து, என்னோடு வந்த முன்ஷி நெய்னா முகம்மது பிரசங்கம் செய்தார். நான் முன்வரிசையில் புதுத் தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தேன். கடைசியாக அந்தப் படம் துணியில் விழுந்தது. முன்ஷி கோலால் தொட்டுக் காட்டிச் சொன்னார்:

"இந்தச் சுவரிலுள்ள துவாரங்கள் அம்பு எய்வதற்கு என்று பலரும் எண்ணுவர். யாம் ஆராய்ந்ததில் அவை காற்றுக்கு என்று கண்டோம். இது கோட்டையே அன்று. வாசலின் உயரம் விளங்குவதற்காக ஓர் ஆளை நிறுத்தியிருக்கிறோம்."

கூட்டம் கை தட்டியது. அந்த ஆள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

இந்தப் பிரசங்கத்தைச் சங்கத்தார் புஸ்தகமாகப் போடப்போகிறார்கள். நம் பக்கத்துக்கும் அனுப்பப்போகிறார்கள். ஆகவே தொண்டியிலும் சுற்று வட்டாரத்திலும் இருக்கிற நம் சனங்கள் புஸ்தகம் வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்று இந்தப் பத்திரிகைக்கு என் கையாலேயே எழுதுகிறேன். முன்ஷி வைத்து எழுதும் வழக்கத்தை விட்டாயிற்று. எழுத்துப் பிழையை அச்சாபீஸார் திருத்திக்கொள்ளலாம். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

2

முன்ஷியை அழைத்துக்கொண்டு போனது நான். அவருக்கு அரபி தெரியும், எனக்குச் சுண்ணாம்பு தெரியும். மக்கா, மதீனா முடிந்து, கப்பலும் ரயிலுமாக பைத்துல் முகத்தஸ் என்கிற ஜெருசலேம் போய்ச் சேர்ந்தோம். அங்கே இந்துஸ்தான் ஹாஜிகள் தங்குகிற மடத்தில் ஒருவர் சொன்னார், ஜோர்தானைத் தாண்டிப் போனால் பாலைவனத்தில் அந்தக் காலத்துக் கலீபாக்களின் மாளிகைகள் நிற்கின்றன, பூச்சுக்கூட உதிரவில்லை என்று. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. ரங்கூனில் நான்கு மழைக்கு ஒரு பூச்சு போய்விடுகிறது. ஆயிரத்துச் சொச்சம் வருஷம் நிற்கிற சுவரில் என்ன சாந்து போட்டான் என்று பார்க்காமல் வீட்டுக்கு எப்படிப் போவது?

அம்மான் என்கிற ஊருக்குப் போனோம். பாலைவனத்துக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டுமாம். ஆபீஸில் ஒரு குமாஸ்தா. அவன் அரபியில் கேட்க, முன்ஷி எனக்குச் சொல்ல, நான் பதில் சொல்ல, இப்படிப் போயிற்று:

"எந்த ஊர்?"

"ரங்கூன்."

"அது எந்த நாடு?"

"பர்மா."

"பர்மா யாருடையது?"

"இந்தியாவோட சேத்து வச்சிருக்காக."

"அப்ப இந்தியர்."

"தமிழன்."

அவன் எழுதினான், அடித்தான், மேலே எழுதினான், கடைசியில் ஒரே கட்டத்துக்குள் மூன்று நாட்டை அடைத்தான். நானும் சின்ன மனையில் பெரிய வீடு கட்டியவன்தான், அந்த வித்தை எனக்கும் புரிந்தது.

"பிரயாணத்தின் நோக்கம்?"

"சுவர் பாக்க."

குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்தான். முன்ஷி என் விலாவில் இடித்தார். என்னை அண்ணன் முறைக்குக் காக்கா என்பார்.

"ஜியாரத்து, தர்கா பாக்கப் போறோம்னு சொல்லுங்க காக்கா. சீக்கிரம் முத்திரை குத்திருவான்."

"அங்க எந்த அவுலியா அடங்கியிருக்காக? இப்பத்தான் ஹஜ்ஜு முடிச்சு வாறோம், அதுக்குள்ள பொய்யா? சுவருன்னே எழுதச் சொல்லும்."

எழுதினான். எழுதிவிட்டு, தனி மோட்டார் பாலைவனத்துக்குள் போகக்கூடாது, இரண்டு வண்டியாகத்தான் போகவேண்டும், அது சட்டம் என்றான். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் நாட்டைப் பற்றி அவனும் நானும் இவ்வளவு வருத்தப்பட்டிருக்க வேண்டாம்.

பின்னால் நின்ற வெள்ளைக்காரத் துரை ஒருவர் ரங்கூன் என்கிற சொல்லைக் கேட்டுத் திரும்பினார். முன்பு ரங்கூன் துறைமுகத்தில் அளவை வேலை பார்த்தவராம். இப்போது பழைய கட்டடங்களை அளக்கிறார். கட்டுவதற்காகவா என்றேன், இல்லை, சும்மா அளப்பதற்காக என்றார். அவர் வண்டியும் எங்கள் வாடகை வண்டியும் சேர்ந்து இரண்டாயிற்று. அவருக்கு உடைந்த இந்துஸ்தானி, எனக்கும் உடைந்த இந்துஸ்தானி. இரண்டு உடைசலும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்தின.

வழியில் பாலைவனத்து நாடோடிகளான பதூவிகளின் கூடாரம் ஒன்றில் காப்பி கொடுத்தார்கள். கிண்ணம் காலியானதும் ஊற்றினார்கள். போதும் என்று சொன்னேன். மறுபடி ஊற்றினார்கள். தோபீ, தோபீ என்றேன். ஏழாவது கிண்ணத்தில்தான் நான் பேசுவது பர்மியப் பாஷை என்று எனக்கே உறைத்தது. வேற்று மனிதனைக் கண்டால் என் நாக்கு தானாக அந்தப் பக்கம் போய்விடுகிறது. இத்தனை வருஷம் ரங்கூனில் கிடந்த பலன். எங்கள் மோட்டார்க்காரன் யாக்கூப் சிரித்துக்கொண்டே தன் கிண்ணத்தை இரண்டு ஆட்டு ஆட்டித் திருப்பிக் கொடுத்தான். போதும் என்பதற்கு அங்கே அதுதான் பாஷை. ஒரு வார்த்தையும் வேண்டியதில்லை.

3

முதலில் அம்ரா என்கிற மாளிகை. கொல்லையில் மூன்று பீப்பாயைப் படுக்கப்போட்டுப் பக்கத்தில் ஒரு சட்டியைக் கவிழ்த்தால் எப்படியோ அப்படி இருக்கிறது. இதற்கா இவ்வளவு தூரம் என்றுதான் தோன்றும். அது குளிக்கிற வீடு. சுற்றிலும் நாக்கு நனைக்கத் தண்ணீர் இல்லாத காட்டில், கிணறு வெட்டி, கழுதையை வட்டம் சுற்றவிட்டு இறைத்து, தரைக்குக் கீழே நெருப்புப் போட்டு வெந்நீர்க் குளியல். தமாஸ்கஸில் குளித்தால் ஆகாதா என்று கேட்க அன்று ஆளில்லை. பதவியில் இருக்கிற மாமனார் வீட்டுப் பக்கம் தலைகாட்டாமல் சந்தோஷமாக இருக்க யாரோ கலீபா வீட்டுப் பிள்ளை கட்டிக்கொண்டான் போலிருக்கிறது.

உள்ளே சுவரெல்லாம் சித்திரம். பதூவிகள் அடுப்பு மூட்டிய கரி படிந்திருக்கிறது. கரிக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு பெண் தெரிகிறாள். குளிக்கிறாள். குளிக்கிறவள் எப்படி இருப்பாளோ அப்படியே இருக்கிறாள்.

"அஸ்தஃபிருல்லாஹ்," என்று முன்ஷி கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"கண்ணப் பொத்துறவரு ஏன்யா விரல விரிச்சு வச்சிருக்கீரு?"

"வழி தெரிய வேணாமா காக்கா?"

அவருக்கு வழி தெரிய வெகுநேரம் ஆயிற்று. ஆனால் பிரசங்கத்தில் என்ன சொன்னார் தெரியுமா? 'அவ்விடம் கொடிகளும் புஷ்பங்களும் வரையப்பட்டுள்ளன.' அவ்வளவுதான். கொடியும் இருந்தது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மூலையில் இருந்தது.

அதைக்கூட நான் மன்னிப்பேன். மன்னிக்க முடியாதது, அவர் அண்ணாந்து பார்க்காததுதான். நான் அந்தத் தரையில் துண்டை விரித்து மல்லாக்கப் படுத்துவிட்டேன். மேலே வளைவில் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வேலைக்காரர்களை எழுதியிருக்கிறது. ஒருவன் கல் உடைக்கிறான். ஒருவன் மரம் அறுக்கிறான். ஒருவன் இரும்பு அடிக்கிறான். ஒரு ஒட்டகம் கல் சுமக்கிறது. வேட்டையும் குளியலுமாகப் பொழுதைப் போக்கிய பெரிய வீட்டுப் பிள்ளை தன் வீட்டைக் கட்டியவர்களைத் தலைக்கு மேல் வைத்திருக்கிறான். ஒட்டகத்தைக்கூட விடவில்லை. ரங்கூனில் நான் கட்டிய ஆலைகளின் நெற்றியில் முதலாளி பெயர் இருக்கிறது, சில இடங்களில் முதலாளியின் மச்சான் பெயரும் இருக்கிறது.

"என்ன காக்கா, படுத்துட்டீக?" என்று வாசலில் இருந்து முன்ஷி கேட்டார்.

"நம்ம சாதி சனத்தப் பாத்துக்கிட்டிருக்கேன்," என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தால் பாவம் வந்துவிடும் என்று கீழே பார்த்தபடியே போனார்.

4

திரும்பும்போது பிற்பகலில் கரானா என்கிற மாளிகை.

தூரத்தில் பார்த்தால் யாரும் கோட்டை என்றுதான் சொல்லுவார்கள். சதுரமாக, மொட்டை வெளியில், பெரிய பெட்டியை இறக்கி வைத்த மாதிரி. நான்கு மூலையிலும் உருண்டைக் கொத்தளம், இடையிடையே அரை உருண்டை. ஒரே வாசல். சுவரில் உயரத்தில் வரிசை வரிசையாகச் சின்னக் கீறல்கள். அந்த வாசலில் என்னை நிற்கச் சொல்லித் துரை படம் பிடித்தார். பிடித்துவிட்டு, "அம்பு விடுகிற துவாரம், ஹாஜி சாஹிப்," என்று மேலே காட்டினார். முன்ஷிக்கு மயிர்க்கூச்செறிந்தது. 'இங்கே எத்தனை வீரர்கள் போரில் மடிந்து ஷஹீதானார்களோ' என்று குறிப்புப் புஸ்தகத்தை எடுத்துவிட்டார்.

நான் சுவரைச் சுற்றி ஒரு நடை நடந்தேன். உள்ளே போய், மாடிக்குப் போய், மறுபடி கீழே வந்தேன். கொத்தளம் என்றால் உள்ளே ஆள் நிற்க வேண்டும். இதில் எதற்கும் உள்வழி இல்லை. அடிமுதல் கல்லடைத்த திண்டு. சுவர் பிதுங்காமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறான், அவ்வளவுதான். முற்றத்தில் மழைத் தண்ணீர் பிடிக்க ஒரு பள்ளம் உண்டு, கிணறு இல்லை. எதிரி வந்து வெளியே உட்கார்ந்தால் மூன்றாம் நாள் உள்ளே இருப்பவன் தாகத்தில் தானே கதவைத் திறந்து மரியாதை செய்வான்.

"துரை, இதுல அம்பு விட முடியாது," என்றேன்.

"ஏன்?"

"விட்டுக் காட்டச் சொல்லுங்க."

அந்தக் கீறலின் அடிவிளிம்பு உள்ளேயிருந்து பார்த்தால் என் தலைக்கு மேல் இரண்டு முழம். முன்ஷியை யாக்கூபின் தோளில் உட்கார வைத்தேன். முன்ஷி குள்ளம். வில்லுக்குப் பதில் அவர் கையில் குடையைக் கொடுத்தேன்.

"என்னய்யா தெரியுது?"

"வானம் தெரியுது காக்கா."

"எதிரி?"

"பருந்தா இருந்தாத்தான் தெரியும். என்னை எறக்கிவிடச் சொல்லுங்க, இவன் ஆடுறான்."

துரை சிரிக்கவில்லை. அப்படியானால் இது எதற்கு என்று கேட்டார்.

நெல்லை அடைத்து வைத்தால் உள்ளே சூடு ஏறும். சூடு ஏறினால் அரிசி பழுத்துப்போகும். பசுண்டான் கிடங்குகளில் நான் சுவரின் மேல்பக்கம் கை நுழையாத அகலத்தில் கீறல் விட்டேன். சூடு அதன் வழியாகப் போய்விடும். சாரலும் குருவியும் உள்ளே வரமுடியாது. சிறைச்சாலை கட்டுகிறாயா என்று அப்போது சிரித்தவர்கள் பிறகு தங்கள் கிடங்குகளிலும் அதையே விட்டார்கள். கரானாவில் சாரலுக்குப் பதில் மணல், குருவிக்குப் பதில் வெயில். மேஸ்திரிக்கு மேஸ்திரி பேசிக்கொள்ள அரபி எதற்கு?

மா கின் கட்டிக் கொடுத்த சுருட்டு ஒன்று மிச்சம் இருந்தது. அறையின் நடுவில் நின்று பற்றவைத்தேன். புகை கொஞ்சம் யோசித்தது. பிறகு மேலே போய், வளைந்து, கீறலைத் தேடிப் பிடித்து வெளியே போயிற்று. யாக்கூபை வெளியே நிற்கச் சொல்லியிருந்தேன். வருது, வருது என்று அங்கிருந்து கத்தினான். துரை என் கையிலிருந்து சுருட்டை வாங்கி அடுத்த அறையிலும் அதற்கடுத்த அறையிலும் தானே புகைவிட்டுப் பார்த்தார். அவருக்குப் பழக்கமில்லை, இருமிக்கொண்டே பார்த்தார். கடைசியில் நோட்டை எடுத்து, "உங்கள் முழுப் பெயர் என்ன?" என்றார். சொன்னேன். விலாசத்தோடு எழுதிக்கொண்டார், படத்தையும் அனுப்புவதாகச் சொன்னார்.

முன்ஷியின் பங்கையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பொறாமைக்காரன் என்று பேச்சு வரக்கூடாது. மாடியில் ஒரு அறையில் வாசற்படிக்கு மேலே மையால் எழுதிய அரபி வரிகள் உண்டு. அதை அவர்தான் வாசித்தார், நான் வாசிக்கவில்லை. பழங்காலத்தில் யாரோ ஒருவர் தன் பெயரைச் சொல்லி, தன் பாவத்தை மன்னிக்கக் கேட்டு எழுதியிருக்கிறார். முன்ஷி அதைக் கண்ணீரோடு வாசித்தார், நானும் ஆமீன் சொன்னேன். அந்தச் சுவரில் ஒரு கை மை செலவழித்தவருக்குப் பெயர் இருக்கிறது. சுவரை எழுப்பியவன் பெயர் எங்கே என்று தேடினேன். இல்லை.

5

துரை சொன்ன சொல் தவறாமல் படத்தை எனக்கு அனுப்பிவைத்தார், கூடவே இங்கிலீஷில் ஒரு கடிதம். என் மகன் ஜமாலை வாசிக்கச் சொன்னேன். அவன் காலேஜில் படிக்கிறான். வாப்பா என்று கூப்பிடத்தான் சொல்லிக்கொடுத்தேன், பேபே என்று பர்மியத்தில் கூப்பிடுகிறான். தமிழ் கேட்டால் விளங்கும். எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. இங்கிலீஷை அவன் முதலில் பர்மியத்தில் நினைத்து, பிறகு தமிழில் தேடித் தேடி எனக்குச் சொல்வான்.

"பேபே... நீங்க சொன்னது சரின்னு அவர் நெனைக்கிறார். ஒவ்வொரு ஓட்டையும் அளந்து பாத்தாராம். எதுலயும் அம்பு விட முடியாதாம். 'உங்கள் புகையை நான் மறக்க மாட்டேன்'னு போட்டிருக்கு."

கடிதத்தை மடித்தான். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தான்.

"நெஜமாவே நீங்கதான் சொன்னீங்களா?"

வந்த நாள் முதல் சாப்பாட்டுக்குச் சாப்பாடு இதைச் சொல்லியிருக்கிறேன். அவனும் தட்டைப் பார்த்துக்கொண்டு தலையாட்டியிருக்கிறான். ஒரு வெள்ளைக்காரன் எழுதினதும்தான் அது அவன் காதுக்குள் போயிற்று.

"இல்ல, ஒட்டகம் சொல்லுச்சு," என்றேன்.

மா கின் உள்ளேயிருந்து, "ஒட்டகம்னா ஒரு தடவதான் சொல்லும்," என்றாள். அவள் தமிழ் என் சமையலறையில் கற்றது, உறைப்பு அதிகம்.

அந்தப் படத்தைத்தான் முன்ஷி லாந்தருக்காக இரவல் வாங்கிப் போய், கண்ணாடியில் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுத்தார். கொடுக்கும்போது கடிதத்தையும் காட்டினேன். மாஷா அல்லாஹ் என்றார். ஆகையால் தெரியாமல் செய்தார் என்று யாரும் அவருக்காகப் பேச வரவேண்டாம்.

பிரசங்கம் முடிந்த மறுநாள் காலை வீட்டுக்கு வந்தார். புஸ்தகத்தில் அந்தப் படத்தைப் போட அச்சுக் கட்டை, பிளாக், செய்ய வேண்டுமாம். கண்ணாடிப் படத்திலிருந்து செய்தால் மங்கலாக வருகிறதாம், அச்சாபீஸில் அசல் கேட்கிறார்களாம்.

"படம் இருக்கட்டும். அந்த ஆள் யாருய்யா?" என்றேன்.

"எந்த ஆளு காக்கா?"

"உயரம் காட்ட நிக்கிறவன்."

முன்ஷி மேல்துண்டைச் சரிசெய்தார். "பிரசங்க பாணி அப்படிங்க. கேக்குறவுகளுக்கு எடத்து மேல கவனம் இருக்கணும். ஆளு மேல போயிறக் கூடாது."

"'யாம் கண்டோம்'னீரு. யாம்னா எத்தன பேரு?"

"அது மரியாதப் பன்மை."

"யாருக்கு மரியாதை?"

மா கின் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அவளுக்கு இந்த மாதிரிப் பேச்சு பிடிக்கும்.

"காக்கா, மனசு விட்டுச் சொல்றேன்," என்றார் முன்ஷி. "ஊர்ல இந்தப் புஸ்தகத்த ஆலிம்கள் படிப்பாக, பெரிய மனுசங்க படிப்பாக. ஒரு கொத்தனார் சுருட்டுப் புகைய விட்டுக் கண்டுபுடிச்சாருன்னு எழுதுனா சிரிக்க மாட்டாகளா? அதுவும் ஹஜ்ஜு முடிச்ச கையோட சுருட்டு. உங்க கௌரவத்துக்காகத்தான் விட்டேன்."

"எங் கௌரவத்த எப்ப உம்ம கையில குடுத்தேன்?"

"உங்க உழைப்பு அல்லாஹ்வுக்குத் தெரியும் காக்கா."

"அல்லாஹ்வுக்குத் தெரியும். அச்சாபீஸுக்குத் தெரியாதுல்ல."

தேநீரைக் குடித்தார். குடித்து முடித்ததும், படம் என்று மறுபடி மெதுவாக ஆரம்பித்தார். படம் பெட்டியில் இருக்கிறது, பெட்டிச் சாவி மா கினிடம் இருக்கிறது என்றேன். அவர் மா கினைப் பார்த்தார். அவள் பர்மியத்தில் ஏதோ சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன சொன்னாக என்று கேட்டார். அதை இந்தப் பத்திரிகையில் போட முடியாது.

6

நான் கேட்பது அதிகமில்லை. அந்த மாளிகையைப் பற்றி உலகத்தில் எனக்கு முன்னால் யாரும் இப்படிச் சொன்னதே இல்லை என்று நான் சத்தியம் செய்யவில்லை. படித்தவர்கள் எத்தனையோ பேர் எத்தனையோ பாஷையில் எழுதியிருக்கலாம், எனக்குத் தெரியாது. அந்தப் பிற்பகல், அந்த அறையில், இரண்டு பேர் கோட்டை என்றார்கள், ஒருவன் இல்லை என்றான். அவ்வளவுக்குத்தான் உரிமை கேட்கிறேன்.

நான் கட்டிய இடங்களில் கல்லில் பெயர் வெட்டச் சொல்லி ஒரு நாளும் கேட்டதில்லை. ஆலை முதலாளியுடையது, ஹவுள் அல்லாஹ்வுடையது, கேட்க வழியில்லை. இது என் கண்ணும் என் புத்தியும் கண்டது. இதை இன்னொருவர் 'யாம்' என்று போட்டுக்கொண்டால் நான் ரங்கூனில் இத்தனை வருஷம் சேறு மிதித்துக் கற்றது அவர் வீட்டுச் சொத்தாகிவிடும். என் மகனே கடிதத்தைப் பார்த்துத்தான் நம்பினான். நாளைக்கு அவன் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச்சும் வராமல் போகலாம். அவர்களுக்கு யாராவது அந்தப் புஸ்தகத்தை வாசித்துக் காட்டினால், அதில் அவர்களுடைய பாட்டன் வாசலுக்கு அளவுகோலாக நிற்கக்கூடாது.

ஆகவே சங்கத்தாருக்கும், முன்ஷி நெய்னா முகம்மதுக்கும், தொண்டியில் அந்தப் புஸ்தகத்தை வாங்கப்போகிறவர்களுக்கும் தெரிவிப்பது: படத்தின் கீழே இந்த வரிகளைப் போட வேண்டும். 'வாசலில் நிற்பவர் ரங்கூன் பசுண்டான் மேஸ்திரி, தொண்டி ஹாஜி மைதீன் பிச்சை. இது கோட்டை அல்ல, இந்தத் துவாரங்கள் காற்றுக்கு என்று சுருட்டுப் புகையால் காட்டியவர்.' சுருட்டு என்கிற சொல்லை எடுக்கக்கூடாது. முன்ஷியின் பெயர் எவ்வளவு பெரிய எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்தில் இருக்க வேண்டும். அச்சுக் கோத்த தாளை முதலில் என் வீட்டுக்குக் கொண்டு வரட்டும். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும், உட்கார்ந்திருக்கட்டும். என் பெயரை என் கண்ணால் படித்த பிறகு மா கின் பெட்டியைத் திறப்பாள்.